பாடையைத் தொட்ட கை

விசுவாசம் இருந்தா எல்லாம் நடக்கும். திண்டிவனம் பக்கம் எந்த செபக்கூட்டத்துக்குப் போனாலும் அற்புதங்களைப் பத்தி இதைத்தான் சொல்றாங்க. நடக்கலைன்னா? விசுவாசம் பத்தலை. எங்க ஆயா சாகுற வரைக்கும் தெனம் செபமாலை உருட்டுச்சி. அதுகிட்ட என்ன பத்தலை?

நாசரேத்தில் விசுவாசம் இல்லாததால் இயேசுவால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை என்று மாற்கு எழுதுகிறார். பிரசங்கிகள் நம்மிடம் நீட்டுகிற இடம் அது. ஆனால் விசுவாசம் இல்லாத அந்த ஆட்கள் யார்? நோயாளிகள் இல்லை. இவன் தச்சன்தானே, இவன் அம்மா யாரு, தம்பிங்க யாருன்னு நமக்குத் தெரியாதா என்று கேட்ட ஊர்க்காரர்கள். தொழிலையும் பொறப்பையும் வைத்து ஆளை எடை போட்டவர்கள். நம்ம ஊர்ப்பக்கம் இதுக்கு வேற பேர் உண்டு.

நயீன் ஊர்க் கதையில் விசுவாசம் என்ற பேச்சே கிடையாது. கைம்பெண் ஒருத்தியின் ஒரே மகன் செத்துப்போய்ப் பாடையில் தூக்கி வருகிறார்கள். அவள் எதையும் கேட்கவில்லை. இயேசு மனசு உருகி, அழாதே என்கிறார்; போய்ப் பாடையைத் தொடுகிறார். பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்று சட்டம் இருந்த நாடு அது. செத்தவன் எழுந்தானா என்று பகுத்தறிவுத் தோழர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். எனக்கு அந்தக் கை போதும்.

எறையூரில் பாடைதான் பிரச்சினை. அப்போது அது விழுப்புரம் மாவட்டம்; 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. செபமாலை மாதா கோயிலுக்குப் போகும் பெரிய தெரு வழியாகத் தலித் கிறித்தவர்களின் பிணம் போகக் கூடாது. கல்லறையும் தனி. ஞானஸ்நானம் ஒண்ணு, கல்லறை ரெண்டு! சேரி சனங்க தாங்களே சகாய மாதா கோயில் கட்டி, அதைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொல்லி 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 9ஆம் தேதி வன்னியர் கிறித்தவர்கள் சேரி வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் அவர்கள் தரப்பில் 2 பேர் செத்தார்கள். அந்த வீட்டுத் தாய்மார் அழுததும் நயீன் கைம்பெண் அழுத அழுகைதான். அதைச் சொல்லாமல் இரக்கத்தைப் பற்றி எழுத எனக்கு வாய் வராது.

தனிப் பங்கு கேட்டால் தீண்டாமைக்கு நாமே கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி ஆகாதா என்று விழுப்புரத்துத் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அவர்களை மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசியைப் படிக்கச் சொல்வேன். தொழுநோயாளி ஊருக்கு வெளியேதான் இருக்கணும் என்பது சட்டம். இயேசு அவனைத் தொட்டார், அவன் ஊருக்குள் போனான். அதற்கப்புறம் இயேசுவால் எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழைய முடியவில்லை. ஆளில்லாத இடத்தில் வெளியிலேயே தங்கினார். அவன் போய்ச் சேதியைப் பரப்பியதால் என்கிறார் மாற்கு. எனக்கோ, ரெண்டு பேரும் இடம் மாத்திக்கிட்ட மாதிரிதான் படுகிறது.

நாலா பக்கத்திலிருந்தும் சனங்கள் அவரைத் தேடிக்கொண்டு வெளியேதான் வந்தார்கள். சகாய மாதா கோயிலைச் சேரிக் கோயில் என்று சொல்கிறவர்களும் ஒரு ஞாயிறு பூசைக்கு அங்கே வந்து உட்காரட்டும். இந்தப் பக்கம் யாருடைய பாடையையும் யாரும் மறிப்பதில்லை.