நின்ற தேர்



இந்த மாதச் சிந்தனைக்கு ஒரு கூடைப்பந்து வீரரின் கதையையும் பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தையும் எடுத்து வந்திருக்கிறேன். "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு. நடுவில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீரரின் கதை. அமெரிக்காவில் ரோய்ஸ் வைட் என்று ஒருவர். 2011-12 பருவத்தில் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகிய ஐந்திலும் தன் குழுவில் அவர்தான் முதல். பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஒரே ஆள் ஐந்திலும் முன்னுக்கு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. 2012-ல் என்.பி.ஏ. தேர்வில் 16-வது ஆளாக அவரை ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் குழு எடுத்தது.

அவருக்குப் பதற்ற நோய் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். விமானத்தில் ஏறுவது அவருக்குப் பெரிய போராட்டம். என்.பி.ஏ.வில் ஒரு குழுவுக்கு ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். அதில் பாதி வெளியூரில். அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு என்று யோசித்துப் பாருங்கள்.

போக முடிந்த ஊர்களுக்குப் பேருந்தில் போகிறேன் என்று கேட்டார். குழுவும் அதற்கு இறங்கி வந்தது. ஆனால் சண்டை அதோடு தீரவில்லை. மனநிலை சரியில்லாத நாளில் அவர் ஆடலாமா, கூடாதா என்று யார் முடிவு செய்வது? குழுவைச் சாராத ஒரு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார் வைட். உடம்பில் அடிபட்டால் மருத்துவர் சொல்வதைக் கேட்கிறோம், மனசுக்கும் அதே நியாயம்தானே என்பது அவர் வாதம். குழு அதை அவர் கேட்டபடி ஏற்கவில்லை.

2012 நவம்பரில் அவர் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். குழு அபராதம் போட்டது. 2013 ஜனவரியில் இடைநீக்கம் செய்தது. அந்த மாதக் கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டு, கீழ்நிலை லீக்கில் ஆடப் போனார். ஜூலையில் அவரைப் பிலடெல்பியா குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் பருவம் தொடங்குமுன் விடுவித்துவிட்டார்கள். 2014 மார்ச்சில் சாக்ரமெண்டோ குழுவுக்காக 3 ஆட்டங்களில் இறங்கினார். மொத்தம் 9 நிமிடம். என்.பி.ஏ. பருவ ஆட்டங்களில் அவர் ஆடியது அவ்வளவுதான். ஹியூஸ்டனுக்காக ஒரு பருவ ஆட்டம்கூட ஆடவில்லை.

குழுவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைக்கு யார் களத்தில் இருப்பார் என்று பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும். ஒருவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு வேறு விதி என்றால் குழுவில் முணுமுணுப்பு வரும். இதெல்லாம் உண்மை. ஆனாலும் இரண்டு பக்கமும் மாறி மாறி அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, திறமை உள்ள ஒரு 21 வயது இளைஞன் வெளியில் உட்கார்ந்திருந்தான். அதுவும் உண்மை.

இப்போது குருக்ஷேத்திரத்துக்கு வருவோம்.

அர்ஜுனன் அந்தக் காலத்தின் பெரிய வில்லாளி. போர் தொடங்கப் போகிறது, சங்கு ஊதியாகிவிட்டது. இரண்டு சேனைக்கும் நடுவில் தேரை நிறுத்தச் சொல்கிறான். எதிரில் தாத்தா, குரு, சொந்தக்காரர்கள். அப்போது அவனுக்கு என்ன ஆனது என்று முதல் அத்தியாயம் சொல்கிறது: கைகால் சோர்ந்தது, வாய் உலர்ந்தது, உடம்பு நடுங்கியது, தோல் எரிந்தது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது, நிற்க முடியவில்லை, மனசு சுழன்றது. வில்லைப் போட்டுவிட்டுத் தேரில் உட்கார்ந்துவிட்டான்.

அர்ஜுனனுக்கு வைட் மாதிரி நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவன் துயரத்தின் காரணம் வேறு. நான் பார்க்கச் சொல்வது, அப்படி உட்கார்ந்துவிட்ட ஒருவனைப் பகவான் எப்படி நடத்தினார் என்பதை.

முதலில் கண்டிக்கத்தான் செய்தார். இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, எழுந்திரு என்றார். நம்மில் பலர் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். "பாத்தியா, கிருஷ்ணரே திட்டுறாரு, தைரியமா இரு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கண்டிப்பில் அர்ஜுனன் எழுந்திருக்கவில்லையே! போரிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் உபதேசமே தொடங்குகிறது. 18 அத்தியாயம், 700 சுலோகம். அத்தனையும் நின்ற தேரில்.

ஆறாவது அத்தியாயத்தில் அர்ஜுனன், மனசை அடக்குவது காற்றைப் பிடிப்பது மாதிரி கஷ்டம் என்கிறான். பகவான் மறுக்கவில்லை. சந்தேகமே இல்லை, கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும் என்கிறார். கடைசி அத்தியாயத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார். இவ்வளவும் நடந்த பிறகுதான் அர்ஜுனன் வில்லை எடுக்கிறான்.

அந்த முதல் அத்தியாயத்தின் பெயர் தெரியுமா? அர்ஜுன விஷாத யோகம். அர்ஜுனனின் துயரத்துக்கே யோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் அதை அவமானம் என்று ஒதுக்கவில்லை.

சரி, இப்போது என் தப்பு.

போன வருட முகாமில் திருமுறை ஓதும் அங்கத்துக்கு நான்தான் பொறுப்பு. படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணா, மேடையில நின்னா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு விட முடியாது. உட்கார்ந்த எடத்துலயே பாடுறேன், முடியுமா?" என்று கேட்டான். நல்ல குரல் அவனுக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "திருநீறு பூசிக்கோ, முருகனை நெனச்சுக்கோ, ஒன்னும் ஆகாது. எல்லாரும்தான் மேடை ஏறுறாங்க."

ஏறினான். இரண்டு வரி பாடினான். அப்புறம் நின்றுவிட்டான். மைக் பிடித்த கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். இறங்கிப் போனவன் அன்றிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

அவன் கேட்டது ஒரு நாற்காலி. அதைப் பக்தியின் பேரைச் சொல்லி மறுத்தவன் நான். ஹியூஸ்டனில் அபராதம் போட்டார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அந்தத் தம்பியின் முகம் வந்தது.

பொறியியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள்: வெயிலில் எஃகு நீளும். அதனால் பாலம் கட்டும்போது பகுதிகளுக்கு நடுவில் இடைவெளி விட வேண்டும். பாலத்தில் கார் போகும்போது டக், டக் என்று கேட்குமே, அங்கேதான் அந்த இடைவெளி. எஃகுக்கு தைரியம் போதவில்லை என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். இடைவெளி விடாமல் கட்டினால் தப்பு கட்டியவர் மேல்தான். இரும்புக்கே இதைப் புரிந்துகொள்கிறோம். மனுஷனுக்கு ஏன் மறுக்கிறோம்?

தைப்பூசத்தில் நாம் இதை அழகாகச் செய்கிறோமே! பத்துமலையில் 272 படி. காவடி எடுப்பவர் தனியாகவா ஏறுகிறார்? ஒருவர் தண்ணீர் வைத்திருப்பார், ஒருவர் நாற்காலி தூக்கி வருவார். களைத்தால் உட்கார வைத்து, காலைப் பிடித்துவிட்டு, "வேல் வேல்" சொல்லி மறுபடி எழுப்புவோம். உட்கார்ந்ததால் நேர்த்திக்கடன் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கஷ்டப்படும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அர்ஜுனன் தன் நிலையை வாய் திறந்து சொன்னான், எனக்கு வழி காட்டு என்று கேட்டான். நீங்களும் சொல்லுங்கள். டாக்டரைப் பார்ப்பதும் யுனியில் கவுன்சலரைப் பார்ப்பதும் சாமி மேல் நம்பிக்கை இல்லாததாக ஆகாது. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுத்தானே கோயிலுக்கும் போகிறோம்!

2018-ல் கெவின் லவ், டிமார் டிரோசன் போன்ற முன்னணி வீரர்கள் தங்கள் மனக்கஷ்டத்தை வெளியில் சொன்னார்கள். 2019-20 பருவத்திலிருந்து ஒவ்வொரு குழுவும் முழுநேர மனநல நிபுணர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று என்.பி.ஏ. விதி கொண்டு வந்தது. வைட்டின் ஆட்ட வாழ்க்கைக்கு அது பிந்திவிட்டது. நம் தம்பி தங்கைகளுக்கும் பிந்திவிடக் கூடாது.

அதனால் இந்த வருட முகாமின் பதிவுப் பாரத்தில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "நீங்கள் நன்றாகக் கலந்துகொள்ள நாங்கள் என்ன செய்து தர வேண்டும்?" செயற்குழு ஒத்துக்கொண்டது. உங்கள் வட்டாரத்திலும் கேட்டுப் பாருங்கள். முகாம் நடக்கும் நாளில் கேட்டால் அது சலுகை மாதிரி தெரியும். முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்தால் அது ஏற்பாடு.

அந்தத் தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன். கட்டை விரல் மட்டும் வந்தது. இன்னும் வகுப்புக்கு வரவில்லை. முன்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுத்தான் வைக்கிறேன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

வேலும் மயிலும் துணை.