கட்டிப் போடுவது அன்பாகுமா?

மனம் பேதலித்த மகனைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய் பாவம் செய்கிறாளா?

சட்டென்று பதில் சொல்லிவிட வேண்டாம். அவள் விதவை, வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். மகனோ கதவு திறந்திருந்தால் கடற்கரைக்கு ஓடி அலையில் இறங்கிவிடுவான். அவனைக் காப்பாற்றவே கட்டுகிறாள், அழுதுகொண்டே கட்டுகிறாள். அவளை அன்பில்லாதவள் என்று யார் சொல்லக்கூடும்?

ஆயினும் அன்பினால் செய்ததெல்லாம் நன்மையாய் முடிவதில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திவந்த மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. அது கீற்றுக் கொட்டகை. உள்ளே பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களா? இல்லை, பெற்றோரும் உடன்பிறந்தாருமே. குணமாகும் என்று நம்பித்தான் விட்டுச் சென்றார்கள். ஓடிப்போகாதிருக்கப் போட்ட சங்கிலி, தீ வந்த வேளையிலும் அவர்களை ஓடவிடவில்லை.

கட்டு நோயாளியைக் காக்கிறது என்கிறோம். உண்மையில் அது காவலிருக்க வேண்டியவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறது. நாம் சுமக்க வேண்டிய பாரத்தை அவன் காலில் மாட்டிவிடுகிறோம்.

அப்படியானால் கட்டை அவிழ்த்துவிட்டு அவ்விடத்தில் எதை வைப்பது? பிரெஞ்சு தேசத்துச் சரித்திரம் நம் புதுச்சேரிப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. பாரிஸ் அருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் 1797-இல் மனநோயாளரின் இரும்பு விலங்குகளைக் கழற்றச் செய்தவர் ழான் பத்தீஸ்த் புசேன். அவர் வைத்தியர் அல்லர். கண்டமாலை நோயாளியாக அங்கே வந்து, குணமடைந்து, அங்கேயே ஊழியரானவர். பேர்பெற்ற வைத்தியர் பிலிப் பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார். மூர்க்கம் மிஞ்சினவர்களுக்குத் துணிச்சட்டைக் கட்டு அப்போதும் இருந்தது என்பது மெய்யே. ஆனால் நோயாளியை அடிக்கக்கூடாதென்று புசேன் கண்டிப்பாய் விலக்கினார். நோயினின்று தேறினவர்களையே பணிக்குச் சேர்த்தார். விலங்கு இருந்த இடத்தில் அவர் மனிதரை வைத்தார். மனநோய்த் தாதியர் பணியின் அஸ்திவாரம் இதுவே.

நம் தேசத்திலும், 2018-ஆம் ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயுள்ள எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்கிறது. உடனே நேரக்கூடிய தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மாத்திரம், மனநல வைத்தியரின் அனுமதியோடு, அவசியமான நேரம் வரை ஆஸ்பத்திரியில் தடுத்து வைக்கலாம். தண்டனையாக அப்படிச் செய்யக்கூடாது. பணியாளர் போதவில்லை என்ற காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

இந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அந்த விதவையின் வீட்டில் இருப்பது இரண்டே கைகள். அங்கே ஆள் போதாதுதான். போதாத கைகள் யாருடையவை? அடுத்த வீட்டிலிருக்கும் நம்முடையவை அல்லவா?

"எங்களுக்கு அந்த வேலை தெரியாதே" என்பீர்கள். அதில் பெரும்பங்கு எவரும் கற்கக்கூடியதே. அவன் அருகே உட்காருங்கள். யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று அவன் சொன்னால், சிரிக்க வேண்டாம், வாதாட வேண்டாம்; மெய்தான் என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "உனக்கு அப்படிக் கேட்கிறது, பயமாய்த்தான் இருக்கும் தம்பி, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றால் போதும். வைத்தியர் கொடுத்த மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தேறினதும் தாமாக நிறுத்திவிட விடாதீர்கள். சாக வேண்டும் என்று அவன் சொன்னால், "சும்மா சொல்கிறான்" என்று தள்ளாமல், வெளிப்படையாய்க் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. அவனைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நம் ஊர் ஜிப்மரில் மனநோய்க்கென்றே பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல ஆலோசனை இலவசமாய்க் கிடைக்கும்.

கல்லறைகளுக்கிடையே அலைந்த ஒருவனை ஊரார் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள். சேசுநாதர் அவனைக் குணமாக்கி, அவன் வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார். குணமானவனுக்கும் வீடு வேண்டும், அக்கம்பக்கம் வேண்டும்.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தத் தாய் பாவியல்லள், களைத்துப் போனவள். ஆனால் அவள் கட்டுகிற சத்தம் கேட்டும், வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்தத் திண்ணையில் போய் உட்காராத நாம், நம்மைக் குறித்து என்ன சொல்லப்போகிறோம்?