பிறர் செலவில் விருந்தோம்பலா?

விருந்தோம்பல் நற்குணம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அந்த நற்குணத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவர் யார் என்று நாம் கேட்பதுதான் அரிது. அழைப்பவன் தன் அரிசியைச் சமைத்து, தன் பாயை விரித்து, தன் நித்திரையை இழந்து விருந்தினரை உபசரித்தால் அது கொடை. அயல்வீட்டானின் பாயை அவனிடம் கேளாமலே எடுத்து வந்து விரித்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

சிறிய கேள்விபோலத் தோன்றும் இது, பலர் கூடி வாழும் இடமெங்கும் எழுகின்ற கேள்வி. இதை ஆராய்வதற்கு, அன்பார்ந்த வாசகர்களே, உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்கிறோம். ஐக்கிய அமெரிக்காவின் புறநகர்களிலே, அயலவர்களுக்கென அமைந்த சிறு நீச்சல் தடாகங்களிலே, கோடைகாலத்தில் சிறுவர் நீச்சற் போட்டிகள் நடைபெறுகின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் ஒரு சிறு தடாகத்தில் வந்து கூடும்போது, விருந்தோம்பலின் செலவுக் கணக்கு அங்கே தெளிவாகத் தெரிகின்றது.

தடாகமும் போட்டியும்

அயற்குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, சந்தா செலுத்தி, தமக்கெனத் தடாகம் கட்டிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் 1950ஆம் ஆண்டுகளில் பரவலாயிற்று. வீடுகளின் நடுவே 25 மீற்றர் அல்லது 25 யார் நீளமான தடாகம், அதிலே பெரும்பாலும் ஆறு தடங்கள், பக்கத்தில் குழந்தைகளுக்கென ஆழங்குறைந்த மற்றொன்று, உடைமாற்றும் அறை, சிறியதொரு வாகனத் தரிப்பிடம். மே மாத இறுதியில் திறந்து செப்டெம்பர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். சில நூறு குடும்பங்கள் வந்து நீராடிப் போவதற்கென அளந்து கட்டிய இடம் அது.

இத்தகைய தடாகங்களின் பிள்ளைகளை ஒன்றோடொன்று போட்டியிடச் செய்யும் சங்கங்களும் எழுந்தன. தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே, வட வேர்ஜீனியாவில் 1956இல் தோன்றிய நீச்சற் சங்கம் அவற்றுள் ஒன்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட கழகங்கள் அதில் உள்ளன. எட்டு வயதும் அதற்குக் கீழும் தொடங்கிப் பதினெட்டு வயது வரை ஐந்து வயதுப் பிரிவுகள். ஆண், பெண் இருபாலார். நான்கு வகை நீச்சல்கள். பெருக்கிப் பாருங்கள்: தனியாள் போட்டிகள் மாத்திரம் நாற்பது. அஞ்சல் நீச்சல்கள் அதற்குப் புறம்பு.

வழக்கமான சனிக்கிழமைப் போட்டியில் இரண்டே கழகங்கள் மோதும். கழகத்துக்கு மூவராக ஒவ்வொரு போட்டியிலும் அறுவர் இறங்குவர். தடங்களும் ஆறு. இடத்துக்கேற்ற அளவு என்பது இதுதான். ஆனால் பருவத்தின் முடிவிலே ஆறு கழகங்கள் ஒரே தடாகத்தில் கூடுகின்றன. கழகத்துக்கு இருவர் என்றாலும் ஒரு போட்டிக்குப் பன்னிருவர். நாற்பது போட்டிகளில் 480 முறை பிள்ளைகள் நீரில் பாயவேண்டும். பெற்றார், பேரன் பேத்தியரைக் காணவந்த முதியோர், தோளிலே தூங்கும் கைக்குழந்தை என்று பிள்ளைகளோடு வருபவர்களையும் சேர்த்தால் தொகை எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இதனால் விளையும் நன்மை

இத்தனை சிரமம் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகளின் மரணத்துக்கு முதற்காரணம் நீரில் மூழ்குதலே. சிறுவர் நீரை அறிந்து வளர்வது உயிர்காக்கும் காரியம். ஒலிம்பிக் போட்டிகளில் பல தங்கப் பதக்கங்கள் வென்ற கேற்றி லெடெக்கி, மேரிலாந்து மாநிலத்தின் இத்தகைய ஓர் அயற்றடாகத்தில் ஆறு வயதிலே கோடைகால நீச்சலைத் தொடங்கியவர். 2012இல் இலண்டனில் முதல் தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது பதினைந்து.

எனினும் வந்து நீந்தும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஒரு நாளும் வெற்றிவீரர் ஆகப்போவதில்லை. கூச்சமுள்ள ஏழு வயதுச் சிறுமி, தன் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிப்பதைக் கேட்டுத் தடாகத்தின் மறுகரையைத் தொட்டு எழும்போது, எதிர்க்கழகத்துப் பெற்றாரும் அவளுக்குக் கைதட்டுகின்றனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் அவளுடைய ஈரத்தலையைத் துவாயால் துடைத்துவிடுகிறான். வயது வேறுபாடின்றிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பொறுப்பாகும் இடங்கள் இக்காலத்தில் எத்தனை உண்டு? ஆகவே நன்மை உண்மையானது. அதனால்தான் அதன் விலையைப் பற்றிய கேள்வியும் கடினமாகிறது. பயனற்ற காரியமாயின் நிறுத்திவிடலாம். நல்ல காரியத்தில் அல்லவா நாம் கணக்குப் பார்க்க மறந்துவிடுகிறோம்!

விலை செலுத்துவோர் மூவர்

முதலாமவர் அயல்வீட்டார். அவர் கழக உறுப்பினராக இல்லாமலும் இருக்கலாம். வாரத்தில் ஆறுதலாக நித்திரைகொள்ளக் கிடைக்கும் ஒரு காலையில், ஏழு மணிக்கே வாகனங்கள் வீதியின் இருமருங்கும் நிரம்பத் தொடங்குகின்றன. ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்கியதும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு கூவொலி, இடையிடையே அறிவிப்பாளரின் குரல், முடிவிலே ஆரவாரம். அவர் தமது வாகனத்தை வெளியே எடுக்க முயன்றால் வாசலை மறித்து மற்றொரு வாகனம் நிற்கிறது. அவசர மருத்துவ வாகனம் ஒன்று அந்த வீதியால் வரவேண்டியிருந்தால் எப்படி வரும்?

“தடாகம் இருப்பதை அறிந்துதானே அவர் அங்கே வீடு வாங்கினார்?” என்பது கழகத்தார் சொல்லும் மறுமொழி. இதில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் சம்மதத்துக்கும் ஓர் அளவு உண்டு. கோவிலருகே வீடு வாங்குபவர் மணியோசைக்குச் சம்மதித்தவர். அங்கே தினமும் வெடி கொளுத்துவதற்குச் சம்மதித்தவராகமாட்டார். சிறுவர் நீராடும் இரைச்சலுக்கு அயலவர் உடன்பட்டிருக்கலாம். ஆறு கழகங்களின் திருவிழாவுக்கு உடன்பட்டாரா என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும், ஊகித்துக்கொள்ளலாகாது.

இரண்டாமவர் தொண்டர். ஒரு தடத்துக்கு இரண்டு அல்லது மூன்று நேரக்கணிப்பாளர் என்றால் ஆறு தடங்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் நிறுத்தற் கடிகாரத்துடன் நிற்கவேண்டும். நீச்சல் முறையையும் திரும்பலையும் கவனிக்கும் நடுவர்கள், தொடக்குநர், புள்ளி பதிவோர், சிறு பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வரிசையில் இருத்துவோர், சிற்றுண்டி விற்போர், குப்பை அள்ளுவோர் என்று பட்டியல் நீளும். ஏறக்குறைய எல்லாரும் பெற்றாரே, சம்பளம் கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் இத்தனை முறை கடமையாற்ற வேண்டுமெனப் பல கழகங்கள் விதி செய்திருக்கின்றன. ஆயினும் எந்தச் சங்கத்திலும் நடப்பதே அங்கும் நடக்கிறது: முன்வரும் பத்துக் கைகளிலேயே எல்லாப் பாரமும் வந்து விழுகிறது. மறுத்துப் பேச வெட்கப்படுபவரின் மௌனத்தை நாம் மனமுவந்த சேவை என்று எழுதிக்கொள்கிறோம். இது நீதியா?

மூன்றாமவர் பிள்ளையேதான். எட்டு வயதுச் சிறுவன் நீந்துவது ஒரு தடாக நீளம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக, கையிலே போட்டி எண்ணை மையால் எழுதிக்கொண்டு, வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறான். இடி முழங்கினால் எல்லாரும் நீரைவிட்டு வெளியேறி, கடைசி முழக்கத்துக்குப் பின் முப்பது நிமிடம் பாதுகாப்பான இடத்தில் இருக்கவேண்டும் என்பது அந்நாட்டின் வானிலை எச்சரிக்கை. அத்தனை பிள்ளைகளை எங்கே ஒதுக்குவது? கூடாரம் மின்னலைத் தடுக்காது. கூட்டம் பெருகப் பெருக உயிர்காப்பாளரின் கண்ணுக்கு நீர் மறைக்கப்படுகிறது. பிள்ளைக்காக என்று தொடங்கிய விழா எந்த அளவுக்கு மேல் பிள்ளைக்கு எதிராகத் திரும்புகிறது என்பதை நடத்துநர் கேட்டே ஆகவேண்டும்.

மதிலும் எல்லையும்

அப்படியானால் விழாவை மறுப்பதே முறை என்று அவசரப்பட்டு முடிவு செய்யவேண்டாம். “எங்கள் தடாகம், எங்கள் அமைதி” என்ற சொல்லுக்கு அந்த நாட்டிலே ஒரு கசப்பான வரலாறு உண்டு.

பொதுத் தடாகங்களில் கறுப்பினத்தவருக்கும் இடமளிக்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, வெள்ளையரிற் பலர் அவற்றைக் கைவிட்டு, வேலியிட்ட கழகத் தடாகங்களை நாடினர். வரலாற்றாசிரியர் ஜெவ் வில்ட்சி, அமெரிக்க நீச்சல் தடாகங்களைப் பற்றி 2007இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியுள்ளார். வாஷிங்டன் புறநகரான சில்வர் ஸ்பிறிங் அருகே இருந்த ‘வீற்றன்-ஹேவன்’ தடாகத்தில் 1968ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். வெள்ளையர் குடும்பமொன்று கறுப்பினப் பெண்மணி ஒருவரை விருந்தினராக அழைத்துச் சென்றது. அன்று அவர் அனுமதிக்கப்பட்டார். மறுநாளே நிருவாகசபை விசேடமாகக் கூடி, உறுப்பினரின் உறவினர் மாத்திரமே இனி விருந்தினராக வரலாம் என்று விதியை மாற்றியது. அதே அயலில் வீடு வாங்கிய கறுப்பினத் தம்பதியருக்கு உறுப்புரிமை விண்ணப்பப் பத்திரம்கூட மறுக்கப்பட்டது. வழக்கு அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1973இல் நீதியரசர்கள் ஏகமனதாகக் கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். இதற்கு முன்னரே, 1969இல், வேர்ஜீனியாவின் ‘லிற்றில் ஹன்ரிங் பார்க்’ கழகம் தொடர்பாகவும் இத்தகைய தீர்ப்பு வந்திருந்தது. தம்மிடம் வாடகைக்கிருந்த கறுப்பினத்தவருக்கு உறுப்புரிமையை மாற்றிக் கொடுக்க முயன்று, அது மறுக்கப்பட்டபோது எதிர்த்துப் பேசிய உறுப்பினரை அந்தக் கழகம் விலக்கியிருந்தது.

வீற்றன்-ஹேவனின் புதிய விதியைக் கவனியுங்கள். அதிலே இனம் என்ற சொல்லே இல்லை. விருந்தினர் தொகையைக் கட்டுப்படுத்தும் சாதாரண நிருவாக ஒழுங்குபோலவே அது தோன்றியிருக்கும். இடப்பற்றாக்குறை, இரைச்சல், ஒழுங்கு ஆகியன யாவும் மெய்யான காரணங்களே. ஆனால் மெய்யான காரணத்தின் பின்னால் பொய்யான மனம் ஒளிந்திருக்கவும் கூடும். ஆகவே எல்லைக்கும் மதிலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியவேண்டும். எல்லை, எத்தனை பேரை இவ்விடம் தாங்கும் என்று கேட்கிறது. மதிலோ, வருபவர் யார் என்று கேட்கிறது.

இரண்டு உரைகற்கள்

இதிலிருந்து இரண்டு உரைகற்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மறுப்பவருக்கு, மற்றது அழைப்பவருக்கு.

மறுப்பவர் தம்மைத்தாமே இப்படிக் கேட்கட்டும்: இதே தொகையான வாகனங்களில், இதே இரைச்சலுடன், எனக்கு வேண்டியவர்கள் வந்தால் நான் முறையிடுவேனா? இல்லை என்பது விடையானால், அவர் வெறுப்பது இரைச்சலை அல்ல. ஆண்டில் ஒரு காலைப்பொழுது பிறர் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகத் தம் அமைதியை விட்டுக்கொடுப்பது, கூடிவாழும் எவரும் செலுத்தவேண்டிய நியாயமான கடன்.

அழைப்பவர் கேட்கவேண்டியது வேறு: இந்த ஒலிபெருக்கி என் படுக்கையறைச் சாளரத்தை நோக்கியிருந்தால், இதே தாராள மனத்துடன் ஆறு கழகங்களையும் அழைப்பேனா? இல்லை என்றால் அவருடைய தாராளம் பிறர் பணத்தில் செய்த தருமமே.

இந்த இரண்டாவது கேள்வியை நேர்மையாகக் கேட்பவருக்கு வழிகள் தாமாகவே தோன்றும். வாரங்களுக்கு முன்னரே ஒவ்வொரு வீட்டுக்கும் நேரிற் சென்று, நாளையும் நேரத்தையும் அறிவித்து, சொல்வதைக் கேட்டுவரலாம். ஒலிபெருக்கியைத் தடாகத்தை நோக்கித் திருப்பித் தாழ்வாக வைக்கலாம். பாடசாலை மைதானமொன்றில் வாகனங்களை நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்தில் பிள்ளைகளைக் கொண்டுவரலாம். சிறு பிள்ளைகளின் போட்டிகளை முதலில் முடித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு நாள் விழாவை இரு நாளாகப் பிரிக்கலாம். விழா நடத்தும் முறையை ஆண்டுதோறும் வெவ்வேறு கழகங்கள் ஏற்கலாம். கடமைப் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை அழித்துவிட்டு, இதுவரை வராத ஒருவரின் கதவைத் தட்டலாம். இவை போதாவிடின், இந்த இடம் தாங்காது என்று துணிந்து சொல்லிப் பெரிய பொதுத் தடாகத்தை வாடகைக்கு எடுக்கலாம். அதற்குப் பணம் செலவாகும். ஆனால் அந்தச் செலவு விழாவை விரும்பியவர்களின் பையிலிருந்தே போகும்.

வாசகர்களே, உங்களிற் பலர் ஒரு நாளும் நீச்சற்போட்டி நடத்தப்போவதில்லை. எனினும் எதையேனும் பலருக்காக நடத்தும் நாள் எல்லாருக்கும் வரும். அன்று உங்கள் உள்ளத்தில் எழும் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவேண்டாம், கதவைத் திறந்துவிடுங்கள். திறப்பதற்கு முன் ஒரு காரியம் மாத்திரம் செய்யுங்கள்: அந்தக் கதவால் காற்றும் ஓசையும் யாருடைய வீட்டுக்குள் போகும் என்று பார்த்து, அந்த வீட்டாரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் சம்மதிப்பார். சில வேளை தாமே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து உதவவும் கூடும். கேளாமல் எடுத்தால் அவர் இழப்பது ஒரு நாள் அமைதி; கேட்டால் அதையே அவர் தம் கையால் கொடுக்கிறார். அப்போது விருந்தளிப்பவர் வரிசையில் அவரும் ஒருவராகிறார்.