கல்லாவுக்கு மேலே ஒரு செவ்வரத்தை



புதிய தவணை தொடங்கப் போகிறது. பேரப்பிள்ளைகளுக்குக் கொப்பியும் பென்சிலும் வாங்க இந்த வாரம் புறக்கோட்டைக்குப் போயிருந்தேன். மலிபன் வீதியில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாருக்கு விலகி விலகி நடந்து, வழமையாக வாங்கும் கடைக்குள் ஏறினால், கல்லாவுக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு படம். சிவப்புச் செவ்வரத்தை. வோட்டர் கலரில் கையால் கீறிய படம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுத்தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள், எண்ணி வைத்தது போல் சரியாக இருந்தன. அதற்குக் கீழே இருக்கும் மஞ்சள் மகரந்தத்தில் கொஞ்சம் இதழில் உதிர்ந்து கிடந்தது. ஓர் இதழின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. பக்கத்துக் காம்பில் நேற்றுப் பூத்த பூ சுருண்டு தொங்கியது. பூவோடு கனநேரம் இருந்து பார்த்தவருக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

"கொட்டாஞ்சேனைப் பிள்ளை சேர், பதினாறு வயசு" என்றார் முதலாளி. "இங்கதான் கலர் வாங்க வரும். பெட்டியா வாங்காது, ஒவ்வொரு டியூப்பா வாங்கும். அதிலயும் சிவப்புத்தான் அடிக்கடி. என்னம்மா செய்றாய் இவ்வளவு சிவப்பை எண்டு ஒரு நாள் கேட்டன். அடுத்த கிழமை தாயோட வந்து இதைக் காட்டுது."

அந்த வீட்டு அம்மம்மா விடியற்காலையிலேயே செடியில் இருக்கிற பூ எல்லாவற்றையும் சாமிக்குப் பறித்துவிடுவாராம். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செடி மொட்டையாக நிற்கும். ஒரு பூவையாவது பின்னேரம் வரைக்கும் விட்டு வையுங்கோ என்று கெஞ்சிக் கேட்டு, அது சுருங்குவதற்குள் கீறிய படமாம் இது. நாளுக்கு ஒரு பூ என்று, முடிக்கப் பல நாள் எடுத்திருக்கிறது.

முதலாளி விலை கேட்டிருக்கிறார். "நீங்க விரும்பினதைக் குடுங்கோ" என்று தாய் சொல்ல, "நீங்க பேசாதீங்கம்மா, கீறின ஆள் சொல்லட்டும்" என்று மறித்துவிட்டாராம். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு 7,500 ரூபாய் என்றது. அவர் எண்ணி வைத்துவிட்டார். "இத்தனை வருஷ வியாபாரத்தில சேர், நான் விலை குறைக்கச் சொல்லாம வாங்கின சாமான் இது ஒண்டுதான்."

அதோடும் விடவில்லை. படத்தில் பிள்ளையின் பெயர் இல்லை. பெயர் எழுதாமல் வாங்க மாட்டேன் என்றிருக்கிறார். பிள்ளை பேனாவை எடுக்க, "பேனா வேணாம், கலராலயே எழுது" என்று விற்க வைத்திருந்த பக்கெற்றைப் பிரித்து மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். படத்தின் வலது மூலையில் அந்தப் பெயர் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.

அந்த முதலாளியை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஏனென்றால் நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்வதில்லை. வெள்ளவத்தையில் புது வீட்டுக்குக் குடிபோகும்போது, தங்க நிறச் சட்டம் போட்ட அச்சுப் பூப்படத்தைக் கேட்ட விலைக்கு வாங்கி மண்டபத்தில் மாட்டுகிறோம். பக்கத்துத் தளத்துப் பிள்ளை கீறினால், "கெட்டிக்காரி, எனக்கும் ஒண்டு கீறித் தாவன்" என்று இலவசமாகக் கேட்கிறோம். "படம் கீறுறது நல்லதுதான், முதல்ல ஓ.எல்.லைப் பார்" என்று ஒரு புத்திமதியும் சொல்லிவிடுகிறோம். ஓ.எல். முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரமும் ஓ.எல்.லில் ஒரு பாடம்தானே!

இதே கொழும்பில் 1943இல், லயனல் வென்ட் முன்னின்று '43 குழு என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல போன்ற பெரிய கைகள் இருந்த குழு அது. அதில் ஆக இளையவரான ரிச்சர்ட் கேப்ரியலுக்கு அப்போது வயது 19. இன்னும் கொஞ்சம் வளர்ந்து வா என்று அவரை யாரும் வெளியே நிறுத்தவில்லை. இலங்கை ஓவியத்தில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது.

ஜோர்ஜ் கீற் பெயரில் இயங்கும் மன்றம் 1993இல் தொடங்கிய கலா பொல என்ற ஓவியச் சந்தை இப்போதும் நடக்கிறது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில், மரநிழலில், ஓவியர்களே தங்கள் படங்களை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். பெயர் பெற்றவர்களுக்குப் பக்கத்தில் வளர்கின்ற பிள்ளைகளும் நிற்பார்கள். அடுத்த முறை நடக்கும்போது வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிடித்த படத்தின் விலையைக் கீறியவரிடமே கேளுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் சனமும் ஏறிவிடும், படத்துக்குக் கிட்ட நின்று பார்க்க இடம் கிடைக்காது.