பூஜைப் பெட்டியில் ஒரு சக்கரவர்த்தி

காங்கேயத்துக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில், என் நண்பர் ஒருவருடைய வீட்டுப் பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்கும் திருநீற்று மடலுக்கும் நடுவே ஒரு பித்தளைச் செப்பு இருக்கிறது. அதனுள்ளே, மாமியார் மருமகளுக்கும் அவர் தம் மருமகளுக்குமாக ஒப்படைத்துக்கொண்டே வந்த வெள்ளிக் காசு ஒன்றைச் சிவப்புப் பட்டுத் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் இட்டு, சூடம் காட்டுவது அவ்வீட்டு வழக்கம். காசின் ஒரு புறத்தில், நாற்காலியில் அமர்ந்து, கையில் ஏதோ ஒரு தளிரை ஏந்திய பெண்ணுருவம் தெரியும். அது மகாலட்சுமிதான் என்பதில் அக்குடும்பத்தில் எவருக்கும் எக்காலத்திலும் ஐயம் எழுந்ததில்லை.

நண்பர் கேட்டுக்கொண்டபடி அதை விளிம்பில் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி மெல்லத் திருப்பிப் பார்த்தேன். மறுபுறத்தில் வாகைமாலை சூடிய ஓர் ஆடவனின் தலை. மூக்கும் நெற்றியும் தேய்ந்துபோயிருந்தும் சுற்றிலும் உள்ள லத்தீன் எழுத்துக்களில் பாதிக்கு மேல் படிக்கக் கிடைத்தது. தேவனாகிய அகஸ்டஸின் புதல்வன் டைபீரியஸ் சீசர் என்பது அதன் பொருள். பெண்ணுருவத்தின் இருபக்கமும், தலைமைப் பூசகன் என்ற பட்டம். அமர்ந்திருப்பவள் சமாதான தேவதையின் கோலத்தில் காட்டப்பட்ட லிவியா, அதாவது சக்கரவர்த்தியின் தாயார், என்று பலரும் கொள்வர். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு அது. அச்சில் வார்த்த போலிக் காசாயின் விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். இந்நாட்டிலேயே அந்நாளில் பார்த்து அடித்த நகலாயின் எழுத்துக்கள் எழுத்தாகவே இராமல் வெறும் கோடுகளாகிவிடும். இதில் அவை ஒன்றும் இல்லை. புதிதாக அடித்தபோது நாலு கிராமுக்குச் சற்றே குறைவாக இருந்திருக்க வேண்டிய காசு, தட்டான் தராசில் மூன்றரையைத் தொடவில்லை. குறைந்த வெள்ளியில் எவ்வளவு ரோமாபுரிச் சந்தையில் போயிற்று, எவ்வளவு வெள்ளிக்கிழமைப் புளியோடு போயிற்று என்று யார் பிரித்துச் சொல்வது!

அது இங்கே வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. படியூர்ப் பச்சைக்கல்லுக்கும் மலைநாட்டு மிளகுக்கும் ரோமாபுரியார் கொட்டிக் கொடுத்த வெள்ளியும் பொன்னும் கொங்கு நாட்டு மண்ணில் வெள்ளலூரிலும் கரூரிலும் குடம் குடமாக வெளிப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறதென்று ரோமாபுரி நூலாசிரியர் பிளினி அக்காலத்திலேயே அங்கலாய்த்திருக்கிறார். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை உளியால் வெட்டப்பட்டிருந்தது. மாற்றுப் பார்ப்பதற்காகவோ, மறுபடி செலாவணியில் புகாதிருப்பதற்காகவோ வெட்டினார்கள் என்பார்கள். எக்காரணமாயினும், தேவகுமாரன் என்று தன்னைப் பொறித்துக்கொண்டவனின் முகத்தில் உளி வைக்கத் தமிழனுடைய கை கூசவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

என் சிந்தனையைப் பிடித்து நிறுத்தியது இந்த இடமே. ஒரே காசு, ஒரே முகம்; ஆயினும் அது போன இடமெல்லாம் வெவ்வேறு தத்துவத்துக்கு ஆளாயிற்று. ரோமாபுரியில் அது ராஜாவே தெய்வம் என்ற கொள்கையின் விளம்பரம். உருவத்தை வணங்குவதே மகாபாதகம் என்று கருதிய யூதேயாவில், வரி கொடுப்பது தகுமா என்று வினவியவர்களிடம் ஒரு காசைக் காட்டச் சொல்லி, இது யாருடைய உருவம் என்று ஏசு திருப்பிக் கேட்ட காசும் இந்த டைபீரியஸ் காசாகவே இருக்கக்கூடும் என்பது பல அறிஞர்களின் கருத்து. பிற்காலத்தில் தெர்துல்லியன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் அந்தக் கேள்வியை இன்னும் ஓர் அடி உள்ளே செலுத்தி, காசில் சீசரின் சாயல் இருப்பதுபோல மனிதனிடம் கடவுளின் சாயல் இருக்கிறது, அதனதனை அதனதன் உடையவனுக்குச் செலுத்துக என்று பொருள் கண்டார். கொங்கு நாட்டுக்கு வந்தபோதோ, ஆடவன் தலை கீழாகவும் பெண்ணுருவம் மேலாகவும் செப்பில் கிடத்தப்பட்டு, சக்கரவர்த்தி தன் தாயாருக்குப் பீடமாகிப் போனான்.

இதை அறியாமை என்று நகைப்பது எளிது. எனக்கு அது மனமொப்பவில்லை. அரசனுடைய கர்வத்தைப் பொறித்த உலோகத்திலிருந்து கர்வத்தை மட்டும் கழித்துவிட்டு, மங்களத்தை மட்டும் எடுத்துக்கொண்ட வீடு அது. ஆனால் வேறொரு தர்மசங்கடம் இருந்தது. எந்த உருவத்தின் வழியாக அவர்கள் லட்சுமியைக் கண்டார்களோ, அந்த உருவத்தை அந்த பக்தியே வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது. புளியின் அமிலமும் தேய்க்கும் கையும் காலம் பூசிய மேற்பூச்சோடு சேர்த்து எழுத்தின் மேட்டையும் வழித்துவிடும். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றிருப்பதால், கைதவறித் தரையில் விழுந்தால் ஓடுபோல உடையவும் கூடும். காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசி, ஒற்றி உலர்த்தி, அமிலம் கலவாத தாளில் பொதிந்து, ஈரமற்ற பெட்டியில் வைத்துவிட்டு, அதன்பின் ஒன்றும் செய்யாதிருப்பதே அதற்குச் செய்யத்தக்க சேவை. நகைக்கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் உறைகூட ஆகாது. கூடவே, யார் யாரிடமிருந்து அது வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். பணக்காரச் சேகரிப்பாளர் பலரிடம் இல்லாத செல்வம் அந்தச் சீட்டு.

ஒன்றும் செய்யாதிருப்பதைச் சேவை என்று எண்பது வயதுப் பாட்டியாரிடம் எப்படிச் சொல்வது? லிவியாவைப் பற்றி வாய் திறக்காமல், துலக்குவதை நிறுத்தினால் காசு நெடுநாள் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். பாட்டியார் காசை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, வெள்ளிக்கெழமை வெறும் பொட்டியவா கும்பிடறது?”

நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் அவரே தொடர்ந்தார்: “கோயல்ல திருப்பணி நடக்கறப்போ சாமியக் கும்பத்துக்கு எறக்கி வெப்பாங்களே, அந்த மாதர செஞ்சு போடலாமுங்களா?”

பாலாலயம் என்று ஆகமம் வகுத்த முறையை அவர் சொன்னார். மூர்த்தம் சிற்பியின் கைக்குப் போகுமுன், அதிலுள்ள சாந்நித்தியத்தை வேறொன்றில் ஆவாகனம் செய்து, பூஜையை அங்கே நடத்துவது. உருவத்தை இழக்காமலும் உருவத்தில் சிறைப்படாமலும் இருக்கும் வழியொன்றைத் தேடி நான் நூல்களில் அலைந்துகொண்டிருக்க, அது அந்த அம்மையாரின் நாவில் தயாராக இருந்தது.

அடுத்த மாதம் போனபோது, தெனாரியஸ் தாளில் பொதியப்பட்டு நண்பரின் அலமாரியில் இருந்தது. செப்பில் அதன் இடத்தில், பாட்டியாரின் மாமியார் சீராகக் கொண்டுவந்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்று, குங்குமம் அப்பிக் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன், முடி சூடி, ஆரம் அணிந்து, இடப்புறம் நோக்கியவாறு விக்டோரியா சக்கரவர்த்தினி. மறுநாள் வெள்ளிக்கிழமை, பாட்டியார் அடுக்களையில் புளி ஊறவைத்துக்கொண்டிருந்தார்.