பல்வலியும் பொறுமையும்

பொறுமை மேலான குணம்; மறுப்பார் இலர். ஆயினும் நம் குடும்பங்களில், குறிப்பாகத் தாய்மார்களிடத்தில், அப்பெயரால் நடப்பதையெல்லாம் பொறுமை என ஏற்கத்தான் வேண்டுமா? கடைவாய்ப்பல் சொத்தையாகி வலிக்கிறது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்கிறார்கள். உப்பு நீரால் கொப்பளிக்கிறார்கள். மறுபக்கத்தால் மென்று மாதக்கணக்கில் காலந்தள்ளுகிறார்கள். கேட்டால், "ஸப்ரு செய்கிறேன்" என்று விடை வருகிறது.

ஸப்ரு என்னும் அரபுச் சொல்லின் அடிப்படைப் பொருள் தடுத்து நிறுத்துதல். கலங்கும் மனத்தையும் முறையிடும் நாவையும் தடுத்து நிறுத்துவதே அது. மருந்தை நாடும் கையைத் தடுப்பதன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை யாவரும் அறிவோம். வலிப்பு நோயுற்ற பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொண்ட வரலாற்றை இங்கே எடுத்துக்காட்டுவோர் உளர். அவருக்கு எதிரே வைக்கப்பட்டது துஆ, மருந்தன்று.

பல்லின் இயல்பையும் சற்று நோக்க வேண்டும். அதன் கடினமான சுவர்களுக்குள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட கூழ் உள்ளது. சொத்தை அதனைத் தீண்டியதும் கூழ் வீங்க முயல்கிறது, வீங்க இடமில்லை. தலையணையில் சாய்ந்ததும் மிகுகின்ற அந்த வலிக்குக் காரணம் இதுவே. பின்னர் கூழ் செத்துவிடுகிறது, வலியும் நின்றுவிடுகிறது. "பொறுத்தேன், போய்விட்டது" என்கிறோம். போனது நரம்பேயன்றி நோயன்று. கிருமிகள் வேர் நுனி வழியே தாடையெலும்பில் இறங்கிச் சீழ் வைக்கின்றன. ஈறில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வடிந்துகொண்டிருந்தால் ஆண்டுக்கணக்கில் வலியே இராது. கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாவடியிலும் கழுத்திலும் பரவினாலோ மூச்சே அடைபடக்கூடும். மாத்திரை மட்டும் போதாது. இரத்த ஓட்டமற்ற கூழுக்குள் மருந்து சென்றடைய வழியில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், தீங்கை நீக்கும் வழிகளை மூவகையாக்குகிறார்கள்: தாகத்திற்குத் தண்ணீர்போல் உறுதியானவை; மருந்துகளைப்போல் பயன்தரும் என்று பெரும்பாலும் நம்பத்தக்கவை; வெறும் ஊகமானவை. உறுதியான வழியைக் கைவிடுதல் தவக்குல் ஆகாது என்பது அவர்களின் முடிவு. 1111இல் மறைந்த அப்பெருந்தகையின் காலத்தில் மருத்துவம் இரண்டாம் வகையில் நின்றது. சீழ்ப்பல்லுக்குச் செய்யப்படும் இன்றைய வேர் சிகிச்சையை முதல் வகைக்கு மிக நெருங்கியதாகவே நான் கருதுகிறேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் துளைத்து, செத்த கூழை மெல்லிய அரங்களால் எடுத்து, மருந்து நீரால் கழுவி, வெற்றிடத்தைக் கட்டாபெர்ச்சாவால் அடைக்கிறார்கள். (மலாய் நாட்டு மரப்பால் அது, பெயரும் மலாய்ப் பெயரே. மலாயாவில் பிழைத்துத் திரும்பிய நம் பெரியவர்களுக்குக் 'கெத்தா' என்றாலே விளங்கும்.) அப்பல் இனிச் சூடும் குளிரும் அறியாது, ஆனால் வேரைச் சூழ்ந்த சவ்வு உயிருடனிருப்பதால் கடியின் அழுத்தத்தை அறியும், உழைக்கும். வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம், சிலவேளை இரண்டு மூன்று தடவை அமர்ந்திருக்க வேண்டும். ஸப்ரு தேவைப்படுவது அங்கேதான்.

வலித்தவுடன் பிடுங்கி எறியும் அவசரமும் நம்மிடம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்தலுஸில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் 30ஆம் பகுதியில் இதனைக் கண்டிக்கிறார். பல்லுக்கு ஈடு கிடையாது. எல்லா வழிகளையும் முயன்ற பின்னரே பிடுங்க வேண்டும் என்கிறார். வலி நோயாளியை ஏமாற்ற, நல்ல பல்லைப் பிடுங்கச் செய்து, வலி தீராமலே திரும்பியவர்களைப் பற்றியும் எழுதுகிறார். வேர் பிளந்து, நிறுத்தவே இயலாத பல்லைப் பிடுங்குவது வேறு செய்தி.

எஞ்சுவது பணம். வேர் சிகிச்சைக்கும் மேலே போடும் உறைக்கும் ஆகும் செலவு, பிடுங்கும் செலவைப்போல் பன்மடங்கு. இல்லாதவர் பிடுங்கிக்கொண்டால் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. இருக்கிற வீட்டில் பெண்களின் பல் மட்டும் 'ஸப்ரு' ஆவதே என் வருத்தம். பழைய ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் மனைவியின் மருத்துவச் செலவைக் கணவனுக்குக் கடமையான நஃபகாவில் சேர்க்கவில்லை என்பது உண்மையே. மருத்துவம் அரிதாகத் தேவைப்பட்ட காலத்தின் முடிவு அது. வஹ்பா அஸ்ஸுஹைலீ போன்ற இக்கால அறிஞர்கள், மருந்தும் உணவைப்போல் இன்றியமையாததாகிவிட்டதால் அதுவும் கணவனின் கடமையே என்கின்றனர். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.