வலைஞனும் உழவனும்

பொழுது சாய்ந்தபின் ஆற்றங்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருக்கும் ஒருவனை நம் அறம் எவ்வாறு காண்கிறது? விடை எளிது என்றே சிராவகர் பலரும் எண்ணுவர். மீன் ஐம்பொறி உயிர். அதனைக் கருதிக் கொல்வது சங்கல்ப ஹிம்சை. அது இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்டது. இவ்வளவில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. தீர்ப்பு பிழையென்று நாம் கூற வரவில்லை. ஆனால் தீர்ப்புக் கூறுகின்ற நாம் எந்தக் கரையில் நின்று கூறுகிறோம் என்பதையும் அதே ஆகமத்தின் ஒளியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வினா நம் மனத்தில் எழுந்த இடம் தேனி மாவட்டத்துக் கூடலூர். ஆசிரியப் பணி நிமித்தம் சில ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தோம். நம்மவர் இல்லங்கள் அங்கு இல்லை. ஆயினும் அப்பள்ளத்தாக்கு சமணத்திற்கு அயலானதன்று. கூடலூரிலிருந்து கம்பம் வழியே சென்றால் உத்தமபாளையம். அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்தில் அச்சணந்தி என்னும் முனிவரின் பெயரும் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொல்லாமையை ஓதிய துறவியர் இதே மலைக்காற்றில்தான் நடந்தனர்.

கூடலூரை வாழவைப்பது முல்லைப் பெரியாறு. 1895ஆம் ஆண்டில் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் மின் நிலையத்திற்கு இறங்கி, ஆறாக ஓடிச் சுருளியாற்றோடு கலந்து, தேனிக்கு அருகே வைகையை அடைகிறது. இந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஒரே நீரில் உழவனும் வாழ்கிறான், வலைஞனும் வாழ்கிறான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பகலில் அந்த ஆற்றில் துணி துவைப்போரும் குளிப்போரும் மிகுதி. மீன் பிடிப்பதற்கு உரிய நேரம் இரவு. விலாங்கும் கெளுத்தியும் பகலெல்லாம் கல்லிடுக்கிலும் சேற்றிலும் ஒடுங்கியிருந்து, இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும். மண்புழுவைக் கோத்து இரவுத் தூண்டில் இட்டுவிட்டுக் கரையில் படுத்திருப்பர். நரம்பு விரலில் சுற்றியிருக்கும். சிலர் விளக்கைப் பயன்படுத்துவர். முன்பு பெட்ரோமாக்ஸ், இன்று நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச். ஒளியை நாடிப் பூச்சிகள் வரும், பூச்சியை நாடி மீன் வரும், மீனை நாடி மனிதன் காத்திருப்பான்.

இங்கே நமக்கு ஒன்று தோன்றியது. இரவுண்ணாமையை நம் குழந்தைகளுக்குக் கற்பிக்கும்போது நாம் என்ன காரணம் சொல்கிறோம்? கதிரவன் மறைந்தபின் சிற்றுயிர்கள் கண்ணுக்குப் புலப்படா. விளக்கு ஏற்றினாலோ அவ்வொளியை நாடி வந்து அடுப்பிலும் உணவிலும் வீழ்ந்து மடியும். ஆகவே அனத்தமி நோன்பு காக்கிறோம். விளக்கின் இயல்பை நம் முன்னோரும் அறிந்தனர், அந்த மீனவனும் அறிந்திருக்கிறான். அறிவு ஒன்று, அதனை ஒருவர் உயிர் காக்கவும் மற்றவர் உயிர் கொள்ளவும் பயன்படுத்துகின்றனர். அறிவைப் புகட்டினால் அறம் தானே வந்துவிடும் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றும் அதை உறுதியாகச் சொல்ல நம்மால் இயலவில்லை.

வகுப்பில் உறங்கி விழும் மாணவன் ஒருவன் இருந்தான். இரவெல்லாம் தந்தையோடு ஆற்றில் இருப்பவன். நாம் இருட்டுமுன் உண்டு முடிப்பதை எப்படியோ அறிந்திருந்தான். ஒருநாள் கேட்டான்: "இருட்டுனா நீங்க சாப்பிட மாட்டீங்க டீச்சர். எங்க வீட்டுல இருட்டுனாத்தான் சோத்துக்கு வழி. இதுல யாரு டீச்சர் தப்பு?" கேலியாகக் கேட்கவில்லை, கணக்கில் ஐயம் கேட்பதுபோல் கேட்டான். தப்பு யார் என்று பார்ப்பதைவிட, உயிர் எது என்று பார் என்று சொல்லி அன்று பாடத்தைத் தொடர்ந்தோம். வினா மட்டும் நம்மோடு கூடலூரை விட்டு வந்தது.

கி.பி. 959இல் யசஸ்திலக சம்பு என்னும் பெருநூலை இயற்றிய சோமதேவ சூரி, இவ்வினாவின் நடுநரம்பைத் தொட்டிருக்கிறார். அவர் காட்டும் எடுத்துக்காட்டில் வலைஞனும் உழவனும் அருகருகே நிற்கின்றனர். வலைஞன் அன்று ஒரு மீனும் பெறாமல் திரும்பினாலும் பாவத்திற்கு ஆளாகிறான். உழவனின் ஏர் முனையில் எண்ணற்ற உயிர் மடிந்தாலும் அவன் அவ்வாறு ஆளாவதில்லை. வேறுபாடு எண்ணத்தில் உள்ளது. ஒருவன் கொல்லவே கருதிப் புறப்பட்டான். மற்றவன் விளைவிக்கக் கருதிப் புறப்பட்டான். யசோதர காவியம் பயின்ற தமிழ்ச் சமண இல்லங்களுக்கு இக்கருத்துப் புதிதன்று. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் உயிர் எதனையும் கொல்லவில்லை, கொன்றதாகக் கருதினான். அதன் பயனாகப் பல விலங்குப் பிறவி எடுத்தான். அவற்றுள் ஒன்று சிப்ரா ஆற்று மீன் என்பதும், அம்மீன் பிடிபட்டதும் நாம் அறிந்தவையே.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்த நயினார் குடும்பங்களுக்குச் சோமதேவர் வாக்கு பெரும் ஆறுதல். வடநாட்டுச் சமணருள் பலர் மண்ணைக் கிளற அஞ்சி வணிகத்திற்குச் சென்றனர் என்பர். நாமோ ஏர் பிடித்தே சமணராக வாழ்ந்திருக்கிறோம். ஆரம்ப ஹிம்சையும் உத்தியோக ஹிம்சையும் இல்லறத்தில் தவிர்க்கவியலாதவை, சங்கல்ப ஹிம்சையே முற்றும் விலக்கத்தக்கது என்ற பாகுபாடு நம்மைக் காத்து நின்றது. ஆறுதல் தரும் வாக்கைத்தான் நாம் அதிகமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மறுகரையைச் சிறிது பார்ப்போம். பசிக்காக அன்றிப் பொழுதுபோக்கிற்காக மீன் பிடிப்போர் உலகில் மிகப் பலர். ஆங்கிலேயர் டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்க விரும்பினர். 1863இல் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. 1907இல் அவலாஞ்சியில் வில்சன் பொரிப்பகம் அமைத்த பின்னரே அம்மீன் நிலைபெற்றது. தூண்டிலில் மாட்டிப் பிடிப்பதற்கென்றே ஓர் உயிரைக் கடல் கடந்து கொணர்ந்து குடியேற்றுவது! அமெரிக்காவின் கிழக்குக் கரை ஆறுகளில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் பெரிய வரிமீன் உண்டு. கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆறு ஏறி வருவது. இருளில் இரை தேடும் அதனைப் பிடிக்க மக்கள் இரவு முழுதும் நீரில் நிற்பர். அம்மீன் அருகியதால் 1984இல் அந்நாட்டில் தனிச் சட்டமே இயற்றினர். இன்று குறித்த அளவுக்கு உட்பட்ட மீனை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட வேண்டும். பலர் எடுத்துக்கொள்வதே இல்லை. பிடித்ததும் முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிடுகின்றனர். கொல்லாமல் விட்டோமே, இது ஜீவகாருண்யம் அன்றோ என்பது அவர்கள் வாதம்.

விடப்பட்டவற்றுள் நூற்றுக்கு ஒன்பது பின்னர் மடிவதாக அந்நாட்டு அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையமே கணக்கிடுகிறது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் விடப்படும்போது அந்த ஒன்பது எவ்வளவு ஆகும் என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளையும் பெருக்கிச் சொல்லும். மடியாத தொண்ணூற்றொன்றும் துன்பம் அடையாதவை அல்ல. 2003இல் லின் ஸ்னெடன் என்னும் பெண் அறிவியலாளரும் உடன் ஆய்ந்தோரும் டிரவுட் மீனின் முகத்தில் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதை மெய்ப்பித்தனர். உதட்டில் காடி செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. மீனுக்கு ஐம்பொறி உண்டு என்று அருகன் அறம் முன்னரே உரைத்ததை மெய்ப்பிக்க இத்தனை மீன்களை வதைக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் நமக்கு உண்டு.

நம் நூல்களில் மீனை விட்டுவிட்ட வலைஞன் ஒருவன் இருக்கிறான். மிருகசேனன் என்பது அவன் பெயர். சிப்ரா ஆற்றில் வலை வீசுவோன். முனிவர் ஒருவரிடம் அறம் கேட்டு நின்றபோது, தொழிலை அவனால் விட முடியாது என்பதை அறிந்த அவர், வலையில் முதலில் விழும் மீனை மட்டும் விட்டுவிடு என்றார். முதலில் ஒரு பெரிய மீன் விழுந்தது. அடையாளத்திற்குத் துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டி நீரில் விட்டான். மறுபடி வீசினான், அதே மீன். ஐந்து முறை அதே மீன் வந்தது; ஐந்து முறையும் விட்டான். பொழுது சாய்ந்தது. வெறுங்கையோடு திரும்பியவனை மனைவி கதவடைத்து வெளியே நிறுத்தினாள். வாயிலில் படுத்தவன் அன்றிரவே பாம்பு தீண்டி மாண்டான். மறுபிறவியில் ஐந்து முறை சாவினின்று தப்பினான். சென்ற நூற்றாண்டில் ஆசாரிய ஞானசாகரர் இக்கதையையே தயோதய சம்புவாகப் பாடினார்.

மிருகசேனன் விட்டதும் மீன், வரிமீன் பிடிப்போர் விடுவதும் மீன். இவன் விட்டதால் தன் இரவு உணவை இழந்தான். அவர்கள் விடுவதால் எதையும் இழப்பதில்லை. பிடிக்கும் இன்பத்தை நுகர்ந்து முடித்த பின்னரே விடுகின்றனர், நாளை மீண்டும் பிடிப்பதற்காகவும் விடுகின்றனர். முள் மாட்டிய கணத்திலேயே சங்கல்பம் நிறைவேறிவிட்டது. ஆகவே கூடலூர் ஆற்றில் பசிக்குத் தூண்டில் இடுவோனைவிட வேடிக்கைக்குத் தூண்டில் இட்டு விடுவோன் அறத்திற்கு அணுக்கமானவன் என்று நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். கொலை குறைவாயினும் மனம் அங்கே கடினமானது. பெருமீனின் வாயில் புகுந்து வெளியேறும் மீன்களைக் கண்டு, நானாயின் ஒன்றையும் தப்பவிடேன் என எண்ணியே ஏழாம் நரகம் புக்க அரிசியளவு மீனின் கதையைச் சிறுவயதில் கேட்டவர்கள் நாம்.

மிருகசேனன் மனைவியைப் பற்றி ஒரு சொல். பல முறை இக்கதையைக் கேட்டும் அவள்மீது நமக்குச் சினம் எழுந்ததில்லை. கணவன் ஏற்ற நோன்பின் பசி முதலில் அவள் அடுப்பில்தான் தெரிந்தது. கூடலூர்ப் பையனின் வினாவிலும் அந்த அடுப்பு இருக்கிறது. மீன்பிடித்தலை விட்டுவிடு என்று அவன் தந்தைக்குச் சொல்பவர் மறுநாள் அரிசி எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். முனிவர் முதல் மீனோடு நிறுத்திக்கொண்டார் அன்றோ?

இனி உழவனுக்கு வருவோம். சோமதேவர் காலத்து உழவன் மர ஏரும் எருமாடும் உடையவன். இன்றைய வயலில் தெளிக்கப்படுவது பூச்சியைக் கொல்வதற்கென்றே வாங்கப்படுவது. சைபர்மெத்ரின் போன்றவை மீனுக்குக் கொடிய நஞ்சு. சிறு அளவும் போதும். எண்டோசல்பானும் அத்தகையதே, 2011இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை அது நம் வட்டாரக் கடைகளிலும் விற்றது. மருந்து தெளித்த மறுநாள் மடையைத் திறந்துவிட்டால் வாய்க்காலில் அயிரையும் கெண்டைக்குஞ்சும் வெள்ளை வயிறு காட்டி மிதப்பதைப் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். ஆற்றில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. நஞ்சு கலக்கும் திருடனை ஊரே ஏசும். வயலின் வழியே அதே நஞ்சு வந்தால் ஏசுவார் இல்லை.

நாம் மீனைக் கொல்லக் கருதவில்லையே என்பீர்கள். உண்மை. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது கொல்லும் கருத்தை மட்டும் பேசவில்லை. பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, அதன் வேராக வைக்கிறது. ஏர்முனையில் புழு மடிவதை உழவன் முன்கூட்டி அறிந்து தவிர்க்க வழியில்லை. மடை திறந்தால் மீன் சாகும் என்பது தெரிந்தது, தவிர்க்கவும் வழி உண்டு. தெரிந்தும் திறப்பவன் சோமதேவர் காட்டிய உழவனாக நிற்க முடியுமா? நம் கருத்தில் முடியாது. அவன் வலைஞனுக்கு அருகே வந்துவிட்டான். வலைஞனாவது தான் கொல்லும் மீனைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். எத்தனை என்று அவனுக்குக் கணக்கும் உண்டு.

வந்தவாசிப் பக்கத்தில் நம் உறவினர் ஒருவர், மருந்தை முற்றும் கைவிட இயலாதவர், தெளித்த வயலின் நீரை ஒரு வாரம் வாய்க்காலில் வடிப்பதில்லை என்று நோன்பு ஏற்றிருக்கிறார். வேலையாட்கள் மறந்து திறந்துவிடாதபடி மடைக்கட்டையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைப்பார். ஒரு போகத்தில் பெருமழை வந்து நீர் தேங்கிப் பயிரின் ஒரு மூலை அழுகியது. அப்போதும் வாரம் நிறையும்வரை திறக்கவில்லை. வடிநீரை நம்பியிருக்கும் கீழ்வயல்காரர்க்கு இதில் மனத்தாங்கல்தான். இருவருக்கும் இடையே பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.